41 லைக், ஒரு கமென்ட்: வேலை இல்லாத 5 மாசத்துல சோஷியல் மீடியா எனக்குச் சொல்லித்தந்தது

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

  

கொஞ்ச நாளா உங்ககிட்ட இருந்து ஒரே கேள்வி வேற வேற மாதிரி வந்துக்கிட்டு இருக்கு. "அக்கா, லிங்க்ட்இன்ல தினமும் போஸ்ட் போட்டா வேலை கிடைக்குமா?" "இன்ஸ்டாவை டெலீட் பண்ணாத்தான் உருப்படுவேனா?" "எனக்கு 180 ஃபாலோயர்ஸ்தான், நான் எழுதி யார் படிக்கப் போறாங்க?"

இதுக்கு நான் ஒரு நிபுணர் மாதிரி பதில் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேலை போய், 5 மாசம் சோஷியல் மீடியாவோடதான் குடித்தனம் நடத்தினேன். அதுல நிறைய தப்பு பண்ணேன். ஒரே ஒரு விஷயம் சரியாப் பண்ணேன். இன்னைக்கு அந்தக் கதையைச் சொல்றேன்.

ஒரு வியாழக்கிழமை, 10 நிமிஷ மீட்டிங்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஓ.எம்.ஆர்.ல ஒரு கம்பெனியில எம்.ஐ.எஸ். வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். எம்.ஐ.எஸ்.னா பெருசா நினைச்சுக்காதீங்க. தினமும் காலையில எக்செல்ல ரிப்போர்ட் எடுத்து, கலர் அடிச்சு, மேல அனுப்பணும். அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் 3 மணிக்கு மீட்டிங்னு கூப்பிட்டாங்க. 10 நிமிஷம்கூட நடக்கல. எங்க டீம்ல 14 பேரை அன்னைக்கே லேப்டாப்பைக் கொடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. ரெண்டு மாச சம்பளம் தர்றோம்னு சொன்னாங்க. ஒரு மாச சம்பளம்தான் வந்துச்சு.

துரைப்பாக்கத்துல ஒரு பி.ஜி.ல இருந்தேன். மாசம் 8,500 ரூபா வாடகை. கையில இருந்தது 38,000. ஊரு அருப்புக்கோட்டை. அப்பா அங்க ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். வீட்ல சொல்லல. "வேலை எப்படிப் போகுது?"னு அம்மா கேட்டா, "ரொம்ப பிஸிம்மா"ன்னு சொல்லுவேன். பி.ஜி. கட்டில்ல படுத்துக்கிட்டு அந்தப் பொய்யைச் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு சொன்னவங்களுக்குத்தான் தெரியும்.

முதல் மாசம்: பார்த்துக்கிட்டே இருந்தேன்

முதல் மாசம் நான் பண்ண ஒரே வேலை, ஃபோனைத் தள்ளிக்கிட்டே இருந்தது. வேலை தேடுறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனால் லிங்க்ட்இனைத் திறந்தா முதல்ல கண்ணுல படுறது, "புதிய பொறுப்பில் சேர்ந்ததைத் தெரிவிப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன்." என்கூடப் படிச்ச பொண்ணு. என்கிட்ட அசைன்மென்ட் வாங்கி எழுதின பையன். அதுக்குக் கீழ 300 பேர் வாழ்த்து. நானும் ஒரு வாழ்த்து போட்டுட்டு இன்ஸ்டாவுக்கு ஓடிப்போவேன். அங்க போனா அவங்களே ட்ரீட் கொடுக்குற ஸ்டோரி.

ஒரு நாள் ஃபோன்லயே கணக்கு பார்த்தேன். 7 மணி நேரம் 40 நிமிஷம். ஆபீஸ்ல வேலை பார்த்த நேரம் அது!

அந்த மாசக் கடைசியில ஒரு ராத்திரி 1.15க்கு, தூக்கம் வராம, பழைய கம்பெனியைப் பத்தி நீளமா ஒரு போஸ்ட் எழுதினேன். பேர் போட்டு. மேனேஜர் எப்படிப் பேசினார், சம்பளம் எப்படி வரல, எல்லாம். 20 நிமிஷத்துல பயம் வந்து டெலீட் பண்ணிட்டேன். காலையில பார்த்தா அதோட ஸ்கிரீன்ஷாட் பழைய டீம் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கு. எனக்காக வேற இடத்துல சொல்றேன்னு சொல்லியிருந்த ஒரு சீனியர் அன்னையில இருந்து ஃபோனே எடுக்கல.

நான் எழுதினது ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் அதை யார்கிட்ட, எப்படிச் சொன்னா நம்ம காரியம் நடக்கும்ங்கிறது தனிக் கேள்வி. எனக்கு அந்த இன்னொரு மாச சம்பளம் பிறகு வந்துச்சு. அது போஸ்ட்டால வரல. அவங்க கொடுத்த லெட்டரையே இணைச்சு, தேதி போட்டு, நாலு தடவை மெயில் அனுப்பினதால வந்துச்சு. அதனால அநியாயம் நடந்தா பேசாம இருங்கன்னு நான் சொல்லல. முதல்ல எழுத்துல கேளுங்க. ராத்திரி 1 மணிக்கு மட்டும் பப்ளிக்ல கேக்காதீங்க.

ரெண்டாவது மாசம்: நடிச்சேன்

அடுத்து எனக்குக் கிடைச்ச அறிவுரை, "பர்சனல் பிராண்ட் பில்ட் பண்ணு, தினமும் போஸ்ட் போடு." சரின்னு ஆரம்பிச்சேன். "தோல்வி எனக்குக் கற்றுத்தந்த 5 பாடங்கள்." "ஒரு டீக்கடைக்காரரிடம் நான் கற்ற தலைமைப் பண்பு." அந்த டீக்கடைக்காரர்கிட்ட நான் டீ வாங்கினதைத் தவிர எதுவும் கத்துக்கல!

12 நாள் விடாம போட்டேன். ஒரு போஸ்ட்டுக்கு 200 லைக் தாண்டுச்சு. யார் போட்டாங்கன்னு பார்த்தேன். காலேஜ் ஃப்ரெண்ட்ஸ், சித்தி பையன், அப்புறம் என்னை மாதிரியே வேலை தேடுறவங்க. நான் அவங்களுக்கு லைக் போடுறேன், அவங்க எனக்குப் போடுறாங்க. மொய் எழுதுற மாதிரிதான். வச்சவங்களுக்குத் திருப்பி வைக்கணும். அந்த 200 பேர்ல ஒருத்தருக்குக்கூட நான் என்ன வேலை செய்யத் தெரிஞ்சவள்னு அந்தப் போஸ்ட்டைப் படிச்சுத் தெரிஞ்சிருக்காது.

இதே நேரத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. வெட்கமா இருக்கு, இருந்தாலும் சொல்றேன். டெலிகிராம்ல ஒரு மெசேஜ். ஹோட்டலுக்கு ரிவ்யூ போட்டா ஒண்ணுக்கு 150 ரூபா. போட்டேன், 150 வந்துச்சு. ரெண்டாவதும் வந்துச்சு. மூணாவதுக்கு "2,000 கட்டுங்க, 2,800ஆ வரும்"னு சொன்னாங்க. கட்டினேன். அப்புறம் "இன்னும் 5,000 கட்டினாத்தான் மொத்தமா எடுக்க முடியும்"னு சொன்னப்பதான் விளங்குச்சு. 2,000 போனது போனதுதான்.

இது இப்ப ரொம்பப் பரவலா நடக்குற மோசடி. முதல்ல சின்னதா கொடுத்து நம்ப வைப்பாங்க, அப்புறம் கட்டச் சொல்லுவாங்க. உங்களுக்கு நடந்தா உடனே 1930க்கு ஃபோன் பண்ணுங்க. அது தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்தளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நான் கூச்சப்பட்டு பத்து நாள் சும்மா இருந்துட்டேன். ஞாபகம் வச்சுக்க வேண்டிய விதி ஒண்ணுதான்: வேலை கொடுக்கிறவங்க நமக்குத்தான் காசு தரணும், நம்மகிட்ட கேக்கக் கூடாது.

அப்பாவோட கடையில்

கையில காசு கரைஞ்சுது. தீபாவளி சீசனுக்கு தி.நகர்ல ஒரு துணிக்கடையில பில்லிங் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் ஓ.எம்.ஆர்.ல இருந்து தி.நகருக்கு பஸ். காலையில பஸ் எப்ப வரும்னு கடவுளுக்குத்தான் தெரியும். லேட்டா போனா சம்பளத்துல பிடிப்பாங்க. அதனால ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வந்தேன், பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு தினமும் ஃபோன்ல குறிச்சு வச்சேன். போஸ்ட் போடுறதுக்காக இல்ல. எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு தெரிஞ்சுக்கத்தான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன். கத்துவார்னு நினைச்சேன். கடையில மெஷினைத் துடைச்சுக்கிட்டே கேட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "பாப்பா, தினமும் பத்துப் பதினஞ்சு பசங்க இங்க ரெஸ்யூம் பிரின்ட் எடுக்க வர்றாங்க. மேல இருக்கிற பேரை மறைச்சுட்டா எது யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு"ன்னார்.

திட்டுறதுக்காகச் சொல்லல. அவர் பார்த்ததைச் சொன்னார். நான் என் ரெஸ்யூமைத் திறந்து பார்த்தேன். கடின உழைப்பாளி, டீம் பிளேயர், எக்செல் நன்றாகத் தெரியும். பேரை மறைச்சா எனக்கே அது என்னுடையதுன்னு தெரியாது.

எக்செல் தெரியும்னு சொல்றதுக்குப் பதிலா, எக்செல்ல எதையாவது செஞ்சு காட்டலாமேன்னு அப்பதான் தோணுச்சு. கையில என்ன டேட்டா இருக்கு? பஸ்ஸுக்கு நின்ன 24 நாள் கணக்கு இருக்கு.

41 லைக், ஒரு கமென்ட்

சென்னைக்குத் திரும்பினதும் அந்த 24 நாளையும் எக்செல்ல போட்டு, ஒரு சார்ட் வரைஞ்சு, ஆறு வரி எழுதி லிங்க்ட்இன்ல போட்டேன். "சராசரியா 17 நிமிஷம் காத்திருக்கேன். திங்கக்கிழமைதான் மோசம். இதுதான் சார்ட்." அவ்வளவுதான்.

41 லைக். டீக்கடைப் போஸ்ட்டோட ஒப்பிட்டா படு தோல்வி. ஆனால் ஒரு கமென்ட் வந்துச்சு. யாருன்னே தெரியாத ஒருத்தர். "நல்ல முயற்சி. மழை பெய்த நாட்களும் இதில் இருக்கிறதா? ஆவரேஜை அது இழுத்திருக்கும். மீடியன் பார்த்தீர்களா?"

முதல்ல கோபம்தான் வந்துச்சு. எல்லார் முன்னாடியும் தப்பு கண்டுபிடிக்கிறாரேன்னு. அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன்.

இதை உங்களுக்கும் சுருக்கமா சொல்லிடுறேன். அஞ்சு நாள் காத்திருந்த நேரம் 6, 7, 8, 9, 45 நிமிஷம்னு வச்சுக்கோங்க. மொத்தம் 75. அஞ்சால வகுத்தா சராசரி 15. ஆனால் அந்த அஞ்சு நாள்ல எந்த நாளும் 15 நிமிஷத்துக்குப் பக்கத்துலகூட இல்ல. வரிசையா அடுக்கி நடுவுல இருக்கிறதை எடுத்தா 8. அதுதான் மீடியன். வழக்கமான நாள் எப்படி இருக்கும்னு அதுதான் சரியாச் சொல்லும். ஒரே ஒரு மழை நாள் சராசரியைத் தூக்கிவிட்டுடுது.

என்னோட 24 நாளுக்கு மீடியன் பார்த்தேன். 11 நிமிஷம். நான் மூணு வருஷம் ஆபீஸ்ல தினமும் ஆவரேஜ் போட்டு ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். ஒருத்தர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்ல. நானும் கேட்டுக்கிட்டதில்ல.

அன்னைக்கு ராத்திரியே திருத்தின சார்ட்டைப் போட்டேன். "நான் ஆவரேஜ் மட்டும் பார்த்தது தவறு. ரெண்டு நாள் மழையில் 50 நிமிடத்துக்கு மேல் நின்றேன், அதுதான் கணக்கை இழுத்திருக்கிறது. மீடியன் 11. சுட்டிக்காட்டியதற்கு நன்றி"ன்னு எழுதினேன். அவர் ஒரு தம்ப்ஸ் அப் போட்டார். அவ்வளவுதான்.

அவர் ப்ரொஃபைலைப் பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோன்ல, சரக்கு எவ்வளவு வருது போகுதுங்கிற டேட்டாவைப் பார்க்கிற டீம்ல இருக்கார். எங்களுக்குப் பொதுவா 9 பேர் தெரிஞ்சவங்க இருந்தாங்க. அதுல ஒருத்தர் என் காலேஜ் சீனியர். அந்த அக்கா என் போஸ்ட்டுக்கு லைக் போட்டதாலதான் அது அவர் கண்ணுல பட்டிருக்கு.

லேசான பழக்கம் ஏன் முக்கியம்?

இங்க கொஞ்சம் கதையை நிறுத்திட்டு ஒரு ஆராய்ச்சியைச் சொல்றேன். எனக்கு நடந்தது எனக்கு மட்டும் நடக்கிறதில்லன்னு பிறகுதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973ல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் நகரத்துப் புறநகர்ல, சமீபத்துல வேலை மாறினவங்க, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்க, அவங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டார்: "தகவல் சொன்னவரை அந்தச் சமயத்துல நீங்க எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்க?" நூத்துக்குச் சுமார் 17 பேர்தான் "அடிக்கடி பார்ப்பேன்"னு சொன்னாங்க. மீதிப் பேருக்கு வேலை சொன்னது எப்பவாவது பார்க்கிறவங்க, இல்ல வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறவங்க.

காரணம் ரொம்ப எளிமையானது. நெருங்கின ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்சதெல்லாம் நமக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒரே வட்டம். லேசாப் பழகினவங்க வேற வட்டத்துல இருக்காங்க. நம்ம காதுக்கு வராத செய்தி அவங்க காதுக்கு வருது.

2022ல் 'சயின்ஸ்' இதழ்ல இதையே லிங்க்ட்இன்ல பரிசோதிச்ச ஒரு ஆய்வு வந்துச்சு. 5 வருஷம், 2 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர்கள். "இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்"னு ஆளுங்களைக் காட்டுற அந்தப் பகுதியில, சிலருக்கு நெருக்கமானவங்களையும் சிலருக்குத் தூரத்துல இருக்கிறவங்களையும் அதிகமாக் காட்டி, யாருக்கு வேலை மாறுதுன்னு பார்த்தாங்க. வேலை மாற அதிகம் உதவினது நெருங்கின நட்பும் இல்ல, சுத்தமா சம்பந்தமே இல்லாதவங்களும் இல்ல. பொதுவா ஒரு பத்துப் பேரைத் தெரிஞ்ச, நடுவாந்தரமான பழக்கம்தான்.

இந்த ஆய்வுல இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த 2 கோடிப் பேர்ல பெரும்பாலானவங்களுக்குத் தங்களை வச்சு ஒரு சோதனை நடக்குதுன்னே தெரியாது. நமக்கு யாரைக் காட்டணும், யாரைக் காட்டக் கூடாதுங்கிறதை அந்தக் கம்பெனிதான் முடிவு பண்ணுது. அதனால "அல்காரிதத்தை ஜெயிக்கிறேன்"னு கிளம்பாதீங்க. உங்க கையில இருக்கிறது, நீங்க என்ன போடுறீங்க, யார்கிட்ட என்ன கேக்குறீங்க, இது ரெண்டும்தான்.

கேக்குற விதம்

ரெண்டு வாரம் கழிச்சு அவருக்கு மெசேஜ் பண்ணேன். அதுக்கு முன்னாடி நான் அனுப்பின மெசேஜ் எல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா? "ஹாய் சார், உங்க கம்பெனியில ஏதாவது வேகன்ஸி இருக்கா?" சுமார் 60 பேருக்கு அனுப்பியிருப்பேன். ரெண்டு பேர் பதில் போட்டாங்க, ரெண்டும் "இல்லை."

அந்த மாதிரி மெசேஜுக்குப் பதில் சொல்றது கஷ்டம். இவங்க யாரு, என்ன தெரியும், எந்த வேலை, எல்லாத்தையும் படிக்கிறவரே யோசிக்கணும். அவங்களும் வேலைக்கு நடுவுல இருக்கிறவங்கதானே.

இந்தத் தடவை இப்படி எழுதினேன்: "வணக்கம் சார். பஸ் சார்ட்டில் மீடியன் பற்றிச் சொன்னீர்கள், திருத்திக்கொண்டேன். எனக்கு எம்.ஐ.எஸ்.ல் மூன்று வருட அனுபவம், எக்செல் தெரியும். உங்கள் மாதிரி டீமுக்கு வர அடுத்து நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? ஒரு வரியில் சொன்னால் போதும்."

மூணு நாள் கழிச்சு பதில் வந்துச்சு. "எஸ்.க்யூ.எல். அது இல்லாமல் இங்கே முடியாது. ஜாயின் வரை நன்றாகப் படியுங்கள். பொங்கலுக்குப் பிறகு சொல்லுங்கள்."

வேலை கொடுக்கல. அடுத்த ரெண்டு மாசம் நான் என்ன பண்ணணும்னு சொன்னார். அன்னைக்கு எனக்கு அதுதான் தேவையா இருந்துச்சு.

இலவசமா கிடைக்கிற யூடியூப் பாடங்களை வச்சே படிச்சேன். வாரத்துக்கு ஒரு போஸ்ட், சனிக்கிழமை. இந்த வாரம் என்ன முயற்சி பண்ணேன், எங்க மாட்டினேன், எப்படி வெளிய வந்தேன். உதாரணத்துக்கு ஒரு வாரம், 300 பில் இருந்த ஒரு பட்டியலை வாடிக்கையாளர் பட்டியலோட ஜாயின் பண்ணேன். 412 வரி வந்துச்சு! பில் எப்படிக் குட்டி போடும்? ஒரு ராத்திரி முழுக்க மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா வாடிக்கையாளர் பட்டியல்ல ஒரே ஆள் ரெண்டு தடவை இருக்கார். அவரோட ஒவ்வொரு பில்லும் ரெண்டு ரெண்டா வருது. இதை அப்படியே எழுதினேன். 23 லைக். ஆனால் "எனக்கும் இதே பிரச்னை, இப்ப புரிஞ்சுது"ன்னு மூணு பேர் எழுதினாங்க.

பொங்கல் முடிஞ்சு நான் மெசேஜ் பண்றதுக்குள்ள அவரே பண்ணிட்டார். ஒரு இடம் காலி இருக்கு, டெஸ்ட் எழுதுங்கன்னு. மூணு ரவுண்டு. எஸ்.க்யூ.எல். டெஸ்ட்ல ஒரு கேள்வியை முழுசா விட்டுட்டேன். இன்டர்வியூல அந்த மேடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த பஸ் கணக்குல ஏன் மீடியன் எடுத்தீங்க?" அதுக்குப் பதில் சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல.

வேலை கிடைச்சுது. சம்பளம் பழைய வேலையைவிட 2,000 கம்மி. சினிமா மாதிரி முடியல. ஆனால் இப்ப நான் அனுப்புற ரிப்போர்ட் எதுக்குன்னு எனக்குத் தெரியும்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது

லைக் பெரும்பாலும் நம்மைத் தெரிஞ்சவங்க போடுறது. திருத்தம் அந்த வேலையைத் தெரிஞ்சவங்க போடுறது. நம்மை வளர்த்தது எதுன்னு பார்த்தா, ரெண்டாவதுதான். திருத்தம் வரணும்னா, தப்பு கண்டுபிடிக்கிற அளவுக்கு ஏதாவது ஒண்ணை நாம செஞ்சு வைக்கணும். டீக்கடைப் போஸ்ட்ல யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா அதுல ஒண்ணுமே இல்ல.

உங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்? சில விஷயங்கள் சொல்றேன்.

முதல்ல, உங்க தொழில்காரங்க எங்க இருக்காங்களோ அந்த ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்க. கேக் செய்றீங்க, மெஹந்தி போடுறீங்கன்னா இன்ஸ்டாகிராம். கோடிங்னா கிட்ஹப். ஆபீஸ் வேலைன்னா லிங்க்ட்இன். எல்லா இடத்துலயும் இருக்கணும்னு அவசியம் இல்ல.

ரெண்டாவது, வாரத்துக்கு ஒண்ணு போதும். செஞ்சதை வைங்க, மாட்டின இடத்தைச் சொல்லுங்க, ஒரு கேள்வி கேளுங்க. கேக் சரியா உப்பலைன்னா அதையும் போடுங்க.

மூணாவது, ஆபீஸ் டேட்டாவைப் போடாதீங்க. வாடிக்கையாளர் பேர், உள்ள இருக்கிற ஸ்கிரீன், விலை, எதுவும் வேண்டாம். கத்துக்கிட்டதைச் சொல்ல பஸ் கணக்கு, வீட்டுக் கரன்ட் பில், மளிகைச் செலவு போதும். வேலை கிடைச்ச பிறகு நான் போடுற போஸ்ட் எதுலயும் எங்க குடோன் கணக்கு இருக்காது.

நாலாவது, போட்டது எல்லாத்துக்கும் ஒரு காப்பி உங்ககிட்ட வச்சுக்கோங்க. 2020 ஜூன் 29ஆம் தேதி ராத்திரி நம்ம நாட்டுல டிக்டாக் உள்பட 59 ஆப்களுக்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கா? லட்சக்கணக்குல ஃபாலோயர்ஸ் வச்சிருந்தவங்களுக்குக்கூட அதோட அந்தக் கணக்கு முடிஞ்சுது. அக்கவுன்ட்டுங்கிறது வாடகை வீடு. ஓனர் எப்ப வேணும்னாலும் காலி பண்ணச் சொல்லலாம்.

கடைசியா, பெண்களுக்கு ஒரு விஷயம். நீங்க வேலையைப் பத்தி எழுதினாலும் "டிபி சூப்பர்", "நம்பர் கொடுங்க"ன்னு மெசேஜ் வரும். எனக்கும் வந்துச்சு. லிங்க்ட்இன்லயே வந்துச்சு. ஃபோன் நம்பரை ப்ரொஃபைல்ல வைக்காதீங்க. அந்த மாதிரி ஆளுக்கு விளக்கம் கொடுக்காதீங்க. ரிப்போர்ட், பிளாக், அவ்வளவுதான். அவனுக்காக நீங்க எழுதுறதை நிறுத்த வேண்டியதில்ல. ஆண்களுக்கும் ஒண்ணு. ஒரு பொண்ணு எக்செல் பத்தி எழுதினா, எக்செல் பத்தி மட்டும் பதில் எழுதுங்க.

ஸ்க்ரோலிங்கை நான் விட்டுட்டேனான்னு கேப்பீங்க. இல்ல. நேத்துக்கூட பூனை வீடியோ பார்த்தேன். ஆனால் இன்ஸ்டாவுக்கு ஃபோன்லயே தினமும் 40 நிமிஷம்னு டைமர் வச்சிருக்கேன். பாதி நாள் மீறுறேன். மீதி நாள் மீறல.

இந்த வாரம் ஒண்ணு செய்யுங்க

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கடையில ஒரு பையன் ரெஸ்யூம் பிரின்ட் எடுக்க வந்திருந்தான். அப்பா என்னைக் காட்டி, "தம்பி, அக்காகிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போ"ன்னார். பார்த்தேன். கடின உழைப்பாளி, டீம் பிளேயர். "நீ என்னப்பா செய்வே?"ன்னு கேட்டேன். கூச்சப்பட்டுக்கிட்டே, அவங்க தெருவுல பழுதான மிக்ஸி எல்லாம் அவன்தான் சரி பண்ணுவான்னு சொன்னான். எத்தனை மிக்ஸின்னு கேட்டேன். எண்ணிப் பார்த்து, "31 இருக்கும்க்கா"ன்னான். அது அந்தப் பேப்பர்ல எங்கயுமே இல்ல.

உங்களுக்கும் அப்படி ஒரு 31 மிக்ஸி இருக்கும். இந்த வாரம் அதுல ஒண்ணை எடுத்து ஆறு வரி எழுதுங்க. எது பழுது, எப்படிக் கண்டுபிடிச்சீங்க, இன்னும் எது புரியல. 12 லைக் வந்தா வரட்டும். யாராவது தப்பு சொன்னா, கோபப்படுறதுக்கு முன்னாடி ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்க.

எழுதினா எனக்கும் அனுப்புங்க. எல்லாத்துக்கும் பதில் போட முடியாது, ஆனால் எல்லாத்தையும் படிப்பேன். அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.